நல்ல மழை பெஞ்சும் கண்மாய்க்கு தண்ணி வரல, யார்கிட்ட மனு குடுக்குறது?

கண்மாய்க்கரை:
வணக்கம் மக்களே. சிவகங்கை மாவட்டத்துல சின்ன ஊரு எங்களுது. ஐப்பசி கார்த்திகைல நல்ல மழை, வாசல்லயே தண்ணி நின்னுச்சு, ஆனா கண்மாய் உள்வாய்ல, அதான் தண்ணி தேங்குற எடத்துல, முழங்கால் அளவு கூட ஏறல, கழுங்குல (கண்மாய் நெறஞ்சா மிச்ச தண்ணி வெளியேறுற எடம்) மறுகால் பாஞ்சு பல வருசம் ஆச்சு. கண்மாய்க்கு தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால் பூரா சீமைக்கருவேலம், நடுவுல ஒருத்தர் ப்ளாட் கல்லு ஊன்டியிருக்காரு, ரோட்டுக்கு அடியில போட்ட குழாய் மண்ணு அடைச்சு கெடக்கு. ஒரு ஆபீஸ்ல கேட்டா கண்மாய் எங்களுது இல்லங்குறாங்க, இன்னொரு ஆபீஸ்ல கண்மாய் மட்டும்தான் எங்களுது, வரத்துக்கால் ரெவின்யூங்குறாங்க. போர் தண்ணி உப்பு, அம்மா குடிக்க கேன் வாங்கித்தான் வச்சிருக்கு. எங்க ஆரம்பிக்கிறது?

ஆயக்கட்டு:
தம்பி, மொதல்ல கண்மாய் ஆயக்கட்டு, அதாவது கண்மாய் தண்ணி பாயுற நெலம், எவ்வளவுன்னு விஏஓகிட்ட கேளுங்க. 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை (2021 வரைக்கும் பொதுப்பணித்துறைக்குள்ள இருந்துச்சு), அதுக்கு கீழன்னா ஊராட்சி ஒன்றியம். வரத்துக்காலுக்கு அ-பதிவேடும் (ஊர் நெலக் கணக்கு) புலப்படமும் (சர்வே வரைபடம்) வாங்குங்க, அதுல ஓடை புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்குன்னு சர்வே நம்பரோட இருக்கும். சும்மா ஆக்கிரமிப்புன்னு எழுதுனா மனு சுத்திக்கிட்டே இருக்கும், நம்பர் போட்டு எழுதுனா தாசில்தார் பதில் சொல்லித்தான் ஆகணும். கிராம சபைல தீர்மானம் போட்டு, திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல அதையும் சேத்து குடுங்க.

பழைய மடை:
எனக்கு 68 வயசு. எங்க ஊர்ல வயலுக்கு தண்ணி பாய்ச்சுறதுக்குன்னே ரெண்டு நீர்பாய்ச்சி இருந்தாங்க, கண்மாய்த் தண்ணி வயலுக்கு போற மடைய அவங்க மட்டும்தான் தொறக்கணும், எவ்வளவு பெரிய சம்சாரியா (விவசாயியா) இருந்தாலும் கை வைக்கப்படாது. அறுப்பு முடிஞ்சா களத்துலயே அவங்களுக்கு நெல்ல அளந்துட்டுதான் மத்தவங்க மூட்டை கட்டுவோம். ஆடி மாசம் வரத்துக்கால் வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள் வரணும், வராட்டி தண்டம். 1990ல விவசாய கரண்ட் எல்லாருக்கும் இலவசமாச்சு, வசதி இருந்தவங்க போர் போட்டுட்டாங்க, அவங்களுக்கு கண்மாய் தேவைப்படல, கால் வெட்ட ஆளும் வரல. இதுல அடிபட்டது போர் போட முடியாத சின்ன சம்சாரிதான், அத நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

கரிசல்காடு:
ஐயா சொல்றது நெசம். நெலத்தடி தண்ணிக்கு 2003ல ஒரு சட்டம் போட்டாங்க, நடைமுறைக்கே வராம 2013ல ரத்தும் பண்ணிட்டாங்க, இன்னைக்கும் என் நெலம் என் தண்ணிங்குற கணக்குதான் ஓடுது.
ஆனா தம்பி, கண்மாய தூர்வாருங்கன்னு மட்டும் மனு குடுத்துராதீங்க. 2017ல குடிமராமத்து, அதான் ஊர்க்காரங்கள சேத்து கண்மாய சீரமைக்கிற அரசுத் திட்டம், வந்தப்ப எங்க ஊர்லயும் 10 சதவீதம் ஆயக்கட்டுக்காரங்க பங்கு போட்டு வேலை நடந்துச்சு, கரைய ஒசத்துனோம், உள்வாய தோண்டுனோம், வரத்துக்கால யாரும் தொடல. பள்ளம் ஆழமா இருக்கு, தண்ணி இல்ல. மடை மட்டத்துக்கு கீழ தோண்டுனா அந்த தண்ணி கெணத்துக்கு ஊறும், வயலுக்கு தானா பாயாது, கரைய ஒட்டி தோண்டுனா கரையே பலமிழந்துரும். இன்னொன்னு, மேல்கண்மாய் கழுங்க போய் பாருங்க. எங்களுக்கு மேல இருந்த ஊர்ல கழுங்கு மேல ரெண்டு வரி செங்கல் வச்சு பூசியிருந்தாங்க, அந்த ரெண்டு வரியில எங்களுக்கு வர்ற மறுகாலே நின்னுபோச்சு. சண்டைக்கு போகாம ரெண்டு ஊர் பெரியவங்கள வச்சு பேசித்தான் எடுத்தோம்.

கண்மாய்க்கரை:
ரொம்ப நன்றி அண்ணே, ஐயாவுக்கும் நன்றி. விஏஓகிட்ட கேட்டுட்டேன், ஆயக்கட்டு 130 ஏக்கர், அப்ப நீர்வளத்துறைதான். மேல்கண்மாய் கழுங்க நாங்க யாருமே பாத்ததில்ல. ஞாயித்துக்கிழம சித்தப்பா, எங்க ஊர் பழைய நீர்பாய்ச்சி மகன், நாலு பசங்க எல்லாம் சேந்து அங்க இருந்து எங்க கண்மாய் வரைக்கும் வரத்துக்காலோடயே நடக்கப்போறோம், அடைச்ச எடத்தையெல்லாம் போட்டோ எடுத்து சர்வே நம்பரோட இங்க போடுறேன். ஒரே ஒரு சந்தேகம், அந்த ரோட்டுக்கடி குழாய்க்கு மனு யாருக்கு, நெடுஞ்சாலைத்துறைக்கா ஒன்றியத்துக்கா?

ஆயக்கட்டு:
ரோடு யாருதோ குழாயும் அவங்களுது தம்பி. மைல்கல்ல ஒரு போட்டோ எடுங்க, பாத்து சொல்றேன்.