கொமடோர் 64: ஒரு சிப் கையைச் சுடுகிறது, திரை கறுப்பு. என்ன செய்யலாம்?

கேள்வி (கொக்குவில்):
வணக்கம். 1987இல் ஜேர்மனியில் இருந்து சித்தப்பா அனுப்பிய கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. 1990இல் இங்கே கரண்ட் நின்றதும் அப்பா அதைப் பழைய சாரத்தில் சுற்றி ட்ரங்குப் பெட்டியில் வைத்தவர், 95 இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோதும் பெட்டி அப்படியே இருந்ததாம். போன கிழமை ஆசையில் போட்டுப் பார்த்தேன். நீலத் திரை வந்தது, மிச்ச நினைவகத்தைக் காட்டும் 38911 பைட் என்ற வரியும் வந்தது, அப்பாவைக் கூப்பிட ஓடிப்போய் வருவதற்குள் எழுத்தெல்லாம் குழம்பி, பிறகு ஒரேயடியாகக் கறுப்பு. மூடியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தால் எட்டு ராம் (நினைவக) சிப்புகளில் போர்டில் யூ23 என்று எழுதியிருக்கிற ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாத சூடு. அதன் முதுகில் மிளகளவு வீக்கம் ஒன்று. யூ17இல் இருக்கிற, எந்தச் சிப் எப்போது வேலை செய்யவேண்டும் என்று தெரிவுசெய்யும் பிஎல்ஏ சிப்பும் நல்ல சூடுதான். ரவுணில் ஒரு கடையில் போர்டே போய்விட்டது, எறியுங்கள் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. யூ23ஐ மட்டும் மாற்றினால் சரிவருமா?

பதில் (சுன்னாகம்):
தம்பி, சிப்பைத் தொட முதல் பவர் அடப்டரைப் பாரும். போர்டில் செருகாமல், அதன் ஏழு முள்ளு ப்ளக்கில் 2க்கும் 5க்கும் இடையில் மல்ரிமீற்றரை வைத்தால் 5 வோல்ட் டிசி காட்டவேண்டும், 6க்கும் 7க்கும் இடையில் 9 வோல்ட் ஏசி. உள்ளே இருக்கும் ரெகுலேட்டருக்கு வயது போனால் 5 வோல்ட் மெல்ல மேலே ஏறும், அதில் முதலில் சாவது ராம்தான். 5.2ஐத் தாண்டினால் அந்த அடப்டரை இனிப் பாவிக்கவே வேண்டாம். புதுச் சிப் போட்டாலும் அதையும் எரித்துவிடும்.

கேட்டவர்:
அண்ணை, 7.4 காட்டுது! ஏசி சரி. அடப்டரைத் திறந்து திருத்தலாமா?

பதில் (சுன்னாகம்):
பெரும்பாலும் உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள், கிண்டி மினைக்கெட வேண்டாம். 5 வோல்ட் 3 அம்பியர் அடப்டர் ஒன்று, 9 வோல்ட் 1 அம்பியர் ட்ரான்ஸ்போமர் ஒன்று, இரண்டையும் பியூஸ் வைத்துப் பழைய ப்ளக்கில் இணையும். 9 வோல்ட் ஏசியாகவே போகவேண்டும், சவுண்ட் சிப்புக்குத் தேவையான 12 வோல்டைப் போர்ட் அதிலிருந்துதான் எடுக்கிறது.

பதில் (பருத்தித்துறை):
பிஎல்ஏ சூட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது நல்ல நிலையிலும் சுடும். ஒரே மாதிரியான எட்டுச் சிப்புகளில் ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால்தான் அது உள்ளே ஷோர்ட். யூ23ஐ முழுசாகக் கழற்றப் பார்த்தால் போர்டின் செப்புக் கோடு உரிந்து வரும், நானே ஒரு போர்டை அப்படிக் கெடுத்துவிட்டு இரண்டு நாள் சாப்பிட மனமில்லாமல் இருந்தேன். செத்த சிப்தானே, கட்டரால் பதினாறு காலையும் வெட்டி, ஒவ்வொரு காலாக ஈயத்தை உருக்கி எடுங்கள். பிறகு சொக்கற் போட்டு அதில் 4164 என்ற அதே வகை ராம் சிப்பைச் செருகுங்கள். 4164இல் 8ஆம் கால் 5 வோல்ட், 16ஆம் கால் கிரவுண்ட், மற்ற லொஜிக் சிப்புகளுக்கு நேர் எதிர். அதை மறந்து மீற்றர் வைத்தால் குழம்பிப்போவீர்கள்.

கேட்டவர்:
மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன், சிப் வந்துசேரச் சுணங்கிவிட்டது. புது அடப்டர் 5.05 காட்டுது. யூ23 மாற்றியதும் கறுப்பு போய்த் திரை வந்தது, ஆனால் எழுத்துகள் குப்பை. ஒன்றும் சுடவுமில்லை.

பதில் (பருத்தித்துறை):
அப்போ இன்னொன்று சூடில்லாமல் செத்திருக்கிறது. கரண்டை நிப்பாட்டிவிட்டு, நல்ல 4164 ஒன்றை ஒவ்வொரு ராமின் மேலேயும் காலோடு கால் முட்ட, பள்ளம் ஒரே பக்கம் இருக்கச் சவாரி வைத்துப் போட்டுப் பாருங்கள். ஷோர்ட்டான சிப்புக்கு இந்த வழி சரிவராது, சூடில்லாமல் செத்ததற்குச் சரிவரும்.

கேட்டவர்:
யூ10! அதன் மேல் வைத்தவுடன் 38911 திரும்ப வந்தது. அதையும் மாற்றிவிட்டேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, நான் ஒன்றும் சொல்லாமலே பேசிக் கணினி மொழியில் 10 பிரிண்ட் என்று தட்டித் தன் பெயரைத் திரை முழுக்க ஓடவிட்டார். ஒரு மணித்தியாலம் ஓடியது, ராம் எல்லாம் இளஞ்சூடுதான். எட்டு வாங்கியதில் ஆறு சிப் மிச்சம். யாழ்ப்பாணத்தில் யாருக்காவது தேவையென்றால் கேளுங்கோ, சும்மா தருகிறேன்.