குடும்பக் குழு: ராஜன் மாமாவின் கல்

சுந்தர்: அப்பாவுக்கு நேற்று இரவு மறுபடியும் இடுப்பு வலி. சி.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. இடது சிறுநீரகத்தில் 11 மி.மீ. கல். வியாழக்கிழமை அதிர்வலையால் உடைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். யார் கூட வருகிறீர்கள்?

செல்வி: ஐயோ! அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?

ராஜன்: பரவாயில்லை. ஊசி போட்டார்கள்.

முரளி: நான் வருகிறேன். காலையா, மாலையா?

செல்வி: எனக்கு ஏன் நேற்றே சொல்லவில்லை? போன தடவையும் இப்படித்தான்.

லதா: இரவு 2 மணிக்கு யாரை எழுப்புவது, செல்வி?

கவிதா: சுந்தர், ஸ்கேன் அறிக்கையைப் படமெடுத்துப் போடு.

சுந்தர்: [படம்]

கவிதா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். மூன்றாவது வரியில் அடர்த்தி 410 எச்.யு. என்று இருக்கிறது. எச்.யு. என்பது சி.டி. படத்தில் அடர்த்தியைச் சொல்லும் அலகு. இந்த அளவுள்ள கால்சியம் கல் பெரும்பாலும் ஆயிரத்தை ஒட்டியோ தாண்டியோ காட்டும். 500-க்குக் கீழே என்றால் முதலில் யூரிக் அமிலக் கல் என்றுதான் சந்தேகம் வரும். அதை உடைக்காமல் மருந்தாலேயே கரைக்க வாய்ப்பிருக்கிறது. கால்சியம் கல்லை அப்படிக் கரைக்க முடியாது.

முரளி: கல் என்றால் கல்தானே?

லதா: போன மாதம் எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை என்றார்களே, கவிதா?

கவிதா: அத்தை, அது முக்கியமான தடயம்! கால்சியம் கல் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். தனி யூரிக் அமிலக் கல் தெரியாது.

செல்வி: யூரிக் அமிலமா? அண்ணனுக்குக் கால் கட்டைவிரல் வீங்கியதே, அதுவும் அதனால்தானே?

முரளி: நான் வீடு மாறிய அன்று பீரோ தூக்க வராமல் இருந்ததற்குச் சொன்ன காரணம்.

ராஜன்: காரணம் இல்லை. வலித்தது.

செல்வி: இன்னுமா அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய், முரளி?

முரளி: அந்தப் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது? அதையாவது சொல்லுங்கள்.

லதா: உங்கள் அண்ணன் மேசை இழுப்பறையில்.

கவிதா: சாவியைப் பிறகு பேசலாம். 410 என்ற ஒரே எண்ணை வைத்து முடிவுகட்ட முடியாது. இரட்டை ஆற்றல் சி.டி. என்று ஒன்று உண்டு. ஒரே கல்லை இரண்டு விதக் கதிரால் படம் பிடிப்பார்கள், உதாரணமாக 80, 140 கிலோவோல்ட். கால்சியம் கனமான தனிமம். குறைந்த ஆற்றல் கதிரை மிக அதிகமாக உறிஞ்சும். அதனால் இரண்டு படத்திலும் எண் வெகுவாக மாறும். யூரிக் அமிலத்தில் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. எண் அதிகம் மாறாது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1-ஐ ஒட்டி நிற்கும். நான் வேலை செய்யும் இடத்தில் உள்ள ஸ்கேன் இயந்திரம் யூரிக் அமிலத்தைச் சிவப்பாகவும் கால்சியத்தை நீலமாகவும் காட்டும். 3 மி.மீ.க்கும் சிறிய கல்லில் தடுமாறும். மாமாவின் கல் 11.

சுந்தர்: மறுபடியும் கதிர்வீச்சா?

கவிதா: கல் இருக்கும் இடத்தை மட்டும் எடுத்தால் போதும்.

முரளி: உடைத்த பிறகு துண்டைப் பரிசோதித்தால் தெரிந்துவிடாதா?

கவிதா: தெரியும், மாமா. அகச்சிவப்புப் பரிசோதனையில் துல்லியமாகவே தெரியும். ஆனால் அதற்குள் உடைத்து முடித்திருப்பார்களே! கரைகிற கல்லுக்கு அவருக்கு ஏன் அந்த வேதனை?

ராஜன்: கரைந்தால் நல்லது.

செல்வி: எதைக் குடித்தால் கரையும்? இன்றே வாங்கிவிடலாம்.

கவிதா: அம்மா, நீங்களாக எதுவும் வாங்காதீர்கள். வழக்கமாகப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து, அதன் பி.எச். அளவை 6.5-க்கு மேல் கொண்டுவருவார்கள். ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்த்துவிட்டு டாக்டர்தான் தர வேண்டும். இன்னொன்று, காய்ச்சலோ சிறுநீர் அடைப்போ வந்தால் கரைக்கும் பேச்சே கிடையாது. உடனே மருத்துவமனை. லதா அத்தை, காய்ச்சல் பார்த்தீர்களா?

லதா: இப்போதுதான் பார்த்தேன். 98.4.

சுந்தர்: நாளை டாக்டரிடம் கேட்கிறேன். அவர் கோபித்துக்கொள்வாரோ?

கவிதா: கேள். எழுதித் தருகிறேன்.

முரளி: அப்படியானால் வியாழக்கிழமைக்கு விடுப்பு போடவா, வேண்டாமா?

சுந்தர்: போட்டு வையுங்கள், சித்தப்பா.