மீத்தேன் ஃபில்டரில் பெருஞ்சிவப்புப் புள்ளி வெள்ளையாகத் தெரிவது ஏன்?

மாடிவானம்:
வணக்கம். 8 அங்குலத் தொலைநோக்கியில் மோனோ (கருப்பு-வெள்ளை) கேமராவை மாட்டி, புதிதாக வாங்கிய 889 நானோமீட்டர் மீத்தேன் ஃபில்டரில் வியாழனை எடுத்தேன். கோள் ரொம்ப மங்கல். சரி, அது தெரிந்ததுதான். ஆனால் வியாழனின் ராட்சதப் புயலான பெருஞ்சிவப்புப் புள்ளி பளீரென்று வெள்ளையாக இருக்கிறது! துருவங்கள் இரண்டும் குல்லாய் போட்ட மாதிரி வெளுத்திருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் ஐரோப்பா நிலவு வியாழனைவிடப் பிரகாசம். ஃபில்டரை மாற்றித் தரச் சொல்லலாமா?

வியாழன்பித்தன்:
வேண்டவே வேண்டாம் நண்பரே, அருமையான ஃபில்டர். இந்தப் படத்தில் வெளிச்சம் என்றால் உயரம் என்று படியுங்கள்.

வியாழனின் காற்றில் மீத்தேன் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் 889-ஐ ஒட்டிய ஒளியை அது விடாமல் விழுங்கும். அம்மோனியா மேகம் வரை இறங்கிய வெயிலில் பெரும்பகுதி திரும்பி மேலே வருவதற்குள் காணாமல் போகிறது. உயரத்தில் நிற்கும் மேகத்திலோ மூட்டத்திலோ பட்டது மட்டும் தப்பி நம்மிடம் வருகிறது. சிவப்புப் புள்ளியின் உச்சி அக்கம்பக்கத்து மேகங்களைவிட உயரம். துருவ மூட்டம் அதற்கும் மேலே. ஐரோப்பாவில் ஒளியை விழுங்க மீத்தேன் காற்று இல்லை, அதனால்தான் அது ஜொலிக்கிறது.

எனக்கு இந்த அலைநீளங்களின் மேல் பைத்தியம் பிடித்தது 2009 ஜூலை 19-க்கு அப்புறம்தான். ஆஸ்திரேலியாவில் அந்தோனி வெஸ்லி, சொந்தத் தொலைநோக்கியில், வியாழனின் தென் துருவத்தருகே ஒரு கரும்புள்ளியைப் பார்த்தார். அது வியாழனின் நிலவு ஒன்றின் நிழலாக இருந்தால் எந்த ஃபில்டரிலும் கருப்புதான். ஹவாயில் மவுனா கேயா மேலிருக்கும் நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி திரும்பிப் பார்த்தபோது அதே இடம் பளிச்சிட்டது. ஏதோ வந்து மோதி, தூசியை மேல் வளிமண்டலத்துக்கே தூக்கி வீசியிருந்தது. 1994-ல் ஷூமேக்கர்-லெவி 9 வால்மீன் விழுந்த தழும்புகளும் அப்படித்தான்: சாதாரண ஒளியில் கருப்பு, மீத்தேனில் வெள்ளை. ஒரே இடத்தை இரண்டு ஒளியிலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்படி ஒரு சந்தோஷம்!

கதிர்_மதுரை:
அண்ணா, எக்ஸ்போஷர் எவ்வளவு வைப்பீர்கள்? எனக்குப் படம் புள்ளி புள்ளியாக வருகிறது.

வியாழன்பித்தன்:
தம்பி, 8 அங்குலத்தில் நான் 100 மில்லி செகண்டுக்குக் கீழே போவதில்லை. படத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸைக் கழற்றிவிடு, பின்னிங் 2×2 வை (நான்கு பிக்சல்கள் ஒன்றாகச் சேரும்). கோள் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும், அதனால் வீடியோவை ரொம்ப இழுக்காதே. ஃபோகஸை மட்டும் வியாழனில் பிடிக்க முயலாதே. ஐரோப்பா, அயோ மாதிரி ஒரு நிலவைத் திரையில் கொண்டுவந்து, அது சின்னப் புள்ளியாகச் சுருங்கும்வரை திருகு.

மாடிவானம்:
மிக்க நன்றி சார். இன்றிரவு மேகம் இல்லையென்றால் இரண்டு ஃபில்டரிலும் எடுத்து இங்கே போடுகிறேன்.