கரை கடல் பக்கம் நகர்ந்தாலே கடல் மட்டம் இறங்கிடுச்சுன்னு அர்த்தமா?

மணல்மேடு:
அடியில கடல் சேறு, அதுக்கு மேல கடற்கரை மணல், அதுக்கும் மேல ஆத்து வண்டல். பாறையில இப்படி அடுக்கு இருந்தா அங்க கடல் இறங்கியிருக்குன்னு தான் நான் எடுத்துக்குவேன். தண்ணி வத்தாம கரை எப்படிங்க முன்னாடி போகும்? 20,000 வருஷத்துக்கு முன்னாடி பனியுகத்துல கடல் சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு, கரையும் எங்கயோ வெளிய போயிருந்துச்சு.

ஆத்துவண்டல்:
பனியுகம் சரி. ஆனா மிசிசிப்பி டெல்டாவ பாருங்க, கடைசி 7,000 வருஷத்துல வளர்ந்தது, அப்ப கடல் இறங்கல, ஏறுற வேகம் தான் குறைஞ்சுச்சு. கடல் ஏறும்போது புதுசா உண்டாகுற இடத்த நிரப்பினதுக்கு அப்புறமும் வண்டல் மிச்சம் இருந்தா கரை முன்னாடி போயே தீரும். துருக்கில மிலேட்டஸ்னு பழைய துறைமுகம், இப்ப கடல்லருந்து பல கிலோமீட்டர் உள்ள கிடக்கு, மெண்டெரஸ் ஆறு வளைகுடாவையே தூத்துடுச்சு.

மணல்மேடு:
அதெல்லாம் ஆத்து வாய். ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் நடுவுல பொத்னியா வளைகுடாவுல அவ்வளவு வண்டல் இல்லாத இடத்துலயும் கரை வெளிய போகுதே?

ஆத்துவண்டல்:
அங்க நிலம் எழும்புது, பனிப்பாறை பாரம் போனதால வருஷத்துக்கு 8, 9 மில்லிமீட்டர். கரையில நின்னு பாத்தா கடல் இறங்குற மாதிரியே தான் தெரியும், அதனால தான் ஒப்பீட்டு கடல் மட்டம், அதாவது நிலத்த வச்சு பாக்கற மட்டம்னு சொல்லணும்னு கெஞ்சுறேன்.

கல்சுத்தி:
ரெண்டு பேரும் அடுக்கு வரிசையவே புடிச்சுட்டு நிக்கறீங்க, அந்த வரிசை ரெண்டு விதத்துலயும் வரும். மணலோட அடிய பாருங்க. மட்டம் இறங்கும்போது அலை முன்னால ஆழத்துல இருந்த சேத்த அரிச்சுட்டு அது மேல மணல போடும், அதனால அடி வெட்டின மாதிரி இருக்கும், ஒவ்வொரு பழைய கரையும் முந்தினத விட கீழ உக்காந்திருக்கும், ஆறும் தன் படுகைய ஆழமா வெட்டிக்கும். கடல் மெதுவா ஏறிட்டு வண்டலும் நிறைய வந்தா சேறு கொஞ்சம் கொஞ்சமா மணலா மாறும், கரை மேல ஏறிக்கிட்டே முன்னாடி போகும், ஆத்து வண்டலும் தடிமனா நிக்கும்.

ஆத்துவண்டல்:
இதத்தான் சொல்ல வந்தேன். வண்டல நிறுத்தினா என்ன ஆகும்னும் பாருங்க, 1970ல அஸ்வான் பெரிய அணை முடிஞ்சதும் நைல் டெல்டா கரை வேகமா அரிக்க ஆரம்பிச்சுச்சு.

மணல்மேடு:
நைல் விஷயத்த ஒத்துக்கறேன். பனியுகத்து கரைக்கு மட்டம் தான் காரணம், அதுல மாறமாட்டேன். நான் பாத்த பாறையில மணலோட அடி வெட்டா இருந்துச்சா, மெல்ல மாறுச்சான்னு குறிச்சு வைக்கல. திரும்ப போய் பாத்துட்டு எழுதறேன்.