ஆர்ம் சர்வருக்குன்னு நாமளே ஒரு பேக்கேஜ் ரெப்போ வைக்கலாமா? எங்க ஆரம்பிக்கறது?

லேப்_வாசி:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கோங்க.

கோவையில நாங்க ஆறு பேரு, ஓப்பன் சோர்ஸ் கிறுக்கு புடிச்ச கும்பல். எங்ககிட்ட இருக்கறது ரெண்டு ராஸ்பெரி பை 4 (ஆர்ம் சிப்பு போட்ட கையளவு கம்ப்யூட்டர்), ஒரு பை 5, அப்புறம் எல்லாரும் காசு போட்டு வாடகைக்கு எடுத்த நாலு கோர் ஆர்ம் விஎம் (கிளவுட்ல இருக்கற மெய்நிகர் மெஷின்) ஒண்ணு. விஎம்லயும் பை 4லயும் டெபியன் 12 (லினக்ஸ்ல ஒரு வகை), பை 5ல மட்டும் ராஸ்பெரி பை ஓஎஸ். பிரச்சனை என்னன்னா நாங்க யூஸ் பண்ற பல டூல்ஸுக்கு டவுன்லோட் பக்கத்துக்குப் போனா ஏஎம்டி64 டெப் (இன்டெல், ஏஎம்டி சிப்புக்கான இன்ஸ்டால் ஃபைல்) மட்டும் தான் இருக்கு, ஆர்ம்காரனுக்கு "சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணிக்கோ"ன்னு ஒரு வரி. சரின்னு அவனவன் வீட்ல கம்பைல் பண்றான், ஒருத்தன்கிட்ட ஒரு வெர்ஷன், இன்னொருத்தன்கிட்ட வேற வெர்ஷன், ஒருத்தன் கான்ஃபிக் இன்னொருத்தன் மெஷின்ல ஏறமாட்டேங்குது, யாரு எப்ப எந்த ஃப்ளாக் போட்டு பில்ட் பண்ணான்னு ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல.

அதனால ஒரே இடத்துல பில்ட் பண்ணி, சைன் பண்ணி (டிஜிட்டல் கையெழுத்து), டெபியனோட இன்ஸ்டால் டூல் ஆப்ட் வழியா எல்லாரும் இன்ஸ்டால் பண்ற மாதிரி ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) வச்சுடலாம்னு யோசனை. வெளிய இருந்தும் நாலு பேரு கேட்டிருக்காங்க, அதனால பப்ளிக்கா வைக்கணும். லிஸ்ட்ல 23 பேக்கேஜ் இருக்கு. ரெப்போ நடத்தற டூல்ல ரெப்ரெப்ரோவா ஆப்ட்லியா? என் லேப்டாப் எக்ஸ்86 (இன்டெல் வகை சிப்பு) தான், அதுலயே ஆர்மை எமுலேட் பண்ற கியூஎமு போட்டு பில்ட் பண்ணா போதுமா? வேற எங்கெல்லாம் அடி வாங்குவேன்னு அனுபவப்பட்டவங்க சொன்னா புண்ணியமா போகும்.

---

பழைய_டெர்மினல்:

முதல்ல அந்த 23ஐ இங்க ஒட்டுறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை ஆப்ட் சர்ச் போட்டுப் பாருங்க. டெபியன்ல ஆர்ம்64 அஃபிஷியல் ஆனது 2015ல, ஜெஸ்ஸி ரிலீஸ்ல. டெபியன்ல இருக்கற ஓப்பன் சோர்ஸ் சாமான் கிட்டத்தட்ட எல்லாமே ஆர்ம்64க்கும் பில்ட் ஆகி ரெடியா இருக்கு. புது வெர்ஷன் தான் வேணும்னா பேக்போர்ட்ஸ்ல பாருங்க. கம்பெனிக்காரன் பக்கத்துல டெப் இல்லன்னா உலகத்துலயே இல்லன்னு நினைச்சுக்கறோம், நானும் அப்படித்தான் ஒரு வாரம் வீணாக்கினேன். உங்க லிஸ்ட் பாதிக்கு மேல கரையும், எழுதி வச்சுக்கோங்க.

கியூஎமு விஷயம். ஓடும். ஆனா நான் ஒரு சி++ ப்ராஜெக்டை லேப்டாப்ல கியூஎமு யூசர் மோட்ல ஓட்டினப்ப சாயங்காலம் ஆரம்பிச்சது சாப்பிட்டு வந்தும் முடியல, அதையே நாலு கோர் ஆர்ம் விஎம்ல போட்டா டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சது. நேரம் கூடப் பரவால்ல, த்ரெட் நிறைய யூஸ் பண்ற டெஸ்ட் எல்லாம் கியூஎமுல காரணமே இல்லாம தொங்கும், நம்ம கோட்ல தப்பா எமுலேட்டர்ல தப்பான்னு தெரியாம முழிப்பீங்க. கையில ஆர்ம் விஎம் வச்சுக்கிட்டு எதுக்கு இந்த வேலை? விஎம்லயே எஸ்பில்ட்னு டெபியன் பில்ட் டூல் போட்டு சுத்தமான க்ரூட்ல (தனியாப் பிரிச்ச குட்டி சிஸ்டம்) பில்ட் பண்ணுங்க. அப்பதான் "என் மெஷின்ல இருந்த லைப்ரரி உன் மெஷின்ல இல்ல"ங்கற சண்டை வராது. பைல பில்ட் பண்ணாதீங்க, எஸ்டி கார்டு பாவம்.

ரெப்ரெப்ரோ, ஆப்ட்லி ரெண்டும் நல்லது தான். ரெப்ரெப்ரோக்கு டிஸ்ட்ரிப்யூஷன்ஸ்னு ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைல், கோட்நேம், காம்பொனென்ட், ஆர்க்கிடெக்சர், சைன் பண்ற கீ, நாலு வரி எழுதினா வேலை முடிஞ்சது. ஆனா டெபியன் 12ல இருக்கறது ஒரு பேக்கேஜுக்கு ஒரே ஒரு வெர்ஷன் தான் வச்சுக்கும், புதுசு போட்டா பழசு போயிடும். ஆப்ட்லில ஸ்னாப்ஷாட் இருக்கு, சொதப்பினா போன வார ஸ்னாப்ஷாட்டைத் திரும்பப் பப்ளிஷ் பண்ணிக்கலாம். ஆறு பேரு, ஆளுக்கொரு கை வைக்கற இடம்னா நான் ஆப்ட்லி தான் சொல்வேன்.

சிப்பு வகையோட பேரு குழப்பம் ஒண்ணு: யூநேம் கமாண்டைக் கேட்டா "ஏஆர்ச்64"ன்னு சொல்லும், டிபிகேஜி கமாண்டைக் கேட்டா "ஆர்ம்64"ன்னு சொல்லும், ரெண்டும் ஒண்ணு தான். ரெப்போ கான்ஃபிக்ல முதல் பேரைப் போட்டுட்டு ஏன் ஒரு பேக்கேஜும் தெரியலன்னு ராத்திரி பூரா உக்காந்திருந்தவன் பேரு இங்க வேண்டாம்.

வெர்ஷன் நம்பர் விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. டெபியன்காரன் நாளைக்கு 1.4-1 போட்டான்னா அவனோடது தான் ஜெயிக்கணும். அதனால நீங்க 1.4-1~கோவை1 மாதிரி டில்டே போட்டு வைங்க, அந்த நெளிகோடு வந்தா ஆப்ட் அதைச் சும்மா 1.4-1ஐ விடச் சின்னதா எடுத்துக்கும். டில்டேக்கு பதிலா ப்ளஸ் போட்டீங்கன்னா உங்களோடது பெருசாயிடும், டெபியன் செக்யூரிட்டி அப்டேட் வந்தாலும் உங்க பழைய பில்டே உக்காந்திருக்கும், யாருக்கும் தெரியாது.

---

சும்மா_ஒரு_டவுட்:

ஆறு பேருக்கு ரெப்போ எதுக்கு ப்ரோ, ஒரு ஃபோல்டர்ல டெப் போட்டு ஆர்சிங்க்ல காப்பி அடிச்சா முடிஞ்சுது. இல்ல கண்டிப்பா வேணும்னா ஓப்பன்சூசே நடத்தற ஓப்பன் பில்ட் சர்வீஸ்ல டெபியனுக்கும் ஆர்ம்64 பில்ட் ஆகும், சைனிங்கும் அவங்களே பாத்துக்குவாங்க. ஃபெடோரா பக்கம்னா அதே மாதிரி காப்பர்னு ஒரு சர்வீஸ். கிட்ஹப்லயும் 2025 ஜனவரில இருந்து பப்ளிக் ரெப்போவுக்கு ஆர்ம் ரன்னர் (பில்ட் ஓட்டற மெஷின்) ஃப்ரீ. விஎம் வாடகை மிச்சம்.

---

கோர்டம்ப்:

மேல சொன்ன ஃப்ரீ வழி எல்லாம் சரி தான், ஆனா எங்க பில்ட் பண்ணாலும் ஆர்ம்ல அடி வாங்கற இடம் வேற. மூணு சொல்றேன், மூணும் நான் பட்டது.

ஒண்ணு, மார்ச் நேட்டிவ் ஃப்ளாக், அதாவது பில்ட் பண்ற மெஷினோட சிப்புக்கு ஏத்த மாதிரியே கோட் போடச் சொல்றது. சர்வர்ல பில்ட் பண்றப்ப ஏதோ ஒரு மேக்ஃபைல்ல அது ஒளிஞ்சிருக்கும். கிளவுட்ல இருக்கறது பெரும்பாலும் நியோவெர்ஸ் என்1 மாதிரி ஆர்ம் வி8.2 சிப்பு, பை 4ல இருக்கற கார்டெக்ஸ் ஏ72 வெறும் வி8.0. சர்வர்ல சூப்பரா ஓடும், பைல போட்டா "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்"னு ஒரே வரி சொல்லிட்டு செத்துடும். அட்டாமிக்ஸுக்குன்னு (த்ரெட்டுங்க மோதிக்காம மெமரியை மாத்தறது) வி8.1ல வந்த இன்ஸ்ட்ரக்ஷன் எல்லாம் ஏ72ல கிடையாது. கம்பைலர் ஜிசிசி 10ல இருந்து அட்டாமிக்ஸை ஓடற நேரத்துல பாத்து முடிவு பண்ணிக்குது, அதனால நீங்க ஃப்ளாக் ஒண்ணும் போடாம விட்டாலே நல்லது. பை 4லயும் கிரிப்டோ எக்ஸ்டென்ஷன் இல்ல, பை 5ல தான் வந்துச்சு, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ரெண்டு, பேஜ் சைஸ். எக்ஸ்86ல பழகினவனுக்கு பேஜ்னா (மெமரியைப் பிரிக்கற துண்டு) 4 கேபி தான். ஆர்ம்ல 4, 16, 64 மூணும் உண்டு. ரெட்ஹேட் 8 ஆர்ம்ல 64 வச்சிருந்தாங்க, 9ல 4க்கு மாத்திட்டாங்க. உங்க பை 5ல ராஸ்பெரி பை ஓஎஸ் டீஃபால்ட் கெர்னல் 16. ஜேஇமாலாக்ங்கற மெமரி லைப்ரரி பில்ட் ஆகற நேரத்துலயே பேஜ் சைஸை உள்ள பொதிச்சுக்கும், 4 கேபி விஎம்ல பில்ட் பண்ணத பை 5ல ஓட்டினா "அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்"னு எகிறும். ரஸ்ட் ப்ரோக்ராம் நிறைய இதை உள்ளயே கட்டி எடுத்துட்டு வருது, வெளிய இருந்து பாத்தா தெரியாது. பில்ட்ல எல்ஜி பேஜ் 16ன்னு குடுங்க, அதாவது ரெண்டோட அடுக்கு 16, 64 கேபி வரைக்கும் தாங்கும், 4லயும் ஓடும்.

மூணாவது தான் பழைய சி கோட்ல இருக்கற கண்ணிவெடி. கேர் டைப் (ஒரு எழுத்து வைக்கற இடம்) எக்ஸ்86ல சைன்டு, அதாவது மைனஸ் எண்ணும் ஏத்துக்கும், ஆர்ம் லினக்ஸ்ல அன்சைன்டு. கமாண்ட் ஆப்ஷனைப் படிக்கற கெட்ஆப்ட், முடிஞ்சதுன்னு குடுக்கற மைனஸ் ஒண்ணை இன்ட்ல வாங்காம கேர்ல வாங்கிட்டா ஆர்ம்ல அது 255 ஆயிடும், மைனஸ் ஒண்ணுக்குச் சமமாவே ஆகாது. கம்பைல் ஆகும், பேக்கேஜ் ஆகும், ஓட்டினாதான் தெரியும்.

அதனால பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி பை 4லயும் பை 5லயும் இன்ஸ்டால் பண்ணி ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்காம எதையும் வெளிய விடாதீங்க. விஎம்ல ஓடுதுங்கறது ஒரு சாட்சியே இல்ல.

---

மல்லி_இட்லி:

எல்லாரும் பில்டையே பேசறீங்க, கீ பத்தி யாரும் வாயைத் திறக்கல. ரூட் பெர்மிஷன்ல மத்தவங்க மெஷின்ல இன்ஸ்டால் ஆகப் போற சாமான் இது. மாஸ்டர் ஜிபிஜி கீயை யூஎஸ்பில போட்டு பீரோல வைங்க, சைனிங் சப்கீ (அதுக்குக் கீழ உள்ள, கையெழுத்து போடற கீ) மட்டும் ரெப்போ மெஷின்ல இருக்கட்டும். பில்ட் ஆகற மெஷின்லயே கீயையும் வைக்காதீங்க, கண்ட சோர்ஸும் அங்கதான் கம்பைல் ஆகுது. யூசருக்கு ஆப்ட்-கீ கமாண்ட் சொல்லித் தராதீங்க, அது காலாவதியான வழி, உங்க கீயை எல்லா ரெப்போவுக்கும் செல்லுபடி ஆக்கிடும். கீரிங்ஸ் ஃபோல்டர்ல போட்டு ரெப்போ வரில சைன்டு-பைங்கற இடத்துல அந்த ஃபைலைக் காட்டச் சொல்லுங்க.

நான் முன்னாடி இருந்த ஒரு குழுவுல கீயோட எக்ஸ்பைரி தேதியை எல்லாரும் மறந்துட்டோம். ஒரு சனிக்கிழமை காலைல எழுந்தா க்ரூப்ல நாப்பது மெசேஜ், எல்லா மெஷின்லயும் ஆப்ட் அப்டேட் எரர். கீயை நீட்டிட்டோம், ஆனா நீட்டின கீயை யூசர்கிட்ட சேர்க்கறது எப்படி, ரெப்போ வழியா அனுப்பலாம்னா ரெப்போவைத்தான் அவன் மெஷின் நம்பமாட்டேங்குதே. ஒவ்வொருத்தரா கைல போட வச்சோம். அதுக்கப்புறம் கீரிங்கையே ஒரு பேக்கேஜ் ஆக்கி, எக்ஸ்பைரிக்கு ஆறு மாசம் முன்னாடியே நீட்டி அனுப்பிட்டோம். நீங்க முதல் நாளே அந்தப் பேக்கேஜைப் போட்டுடுங்க.

மிரர் (ரெப்போவோட நகல்) வச்சா டெப் ஃபைல் இருக்கற பூல் ஃபோல்டரை முதல்ல காப்பி பண்ணி, லிஸ்ட் இருக்கற டிஸ்ட்ஸ் ஃபோல்டரை அப்புறம். மாத்திப் பண்ணா லிஸ்ட்ல பேரு இருக்கும், ஃபைல் இருக்காது.

இன்னொண்ணு, கோ, ரஸ்ட் பேக்கேஜ் எல்லாம் லைப்ரரியை உள்ளயே கட்டிக்குது, அதுல ஒரு ஓட்டை வந்தா டெபியன் அப்டேட் உங்களைக் காப்பாத்தாது, நீங்கதான் ரீபில்ட் பண்ணணும். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு ஆளு பேரு எழுதி வைங்க. ஆளு கிடைக்காத பேக்கேஜை ரெப்போல சேர்க்காதீங்க.

---

லேப்_வாசி:

எல்லாருக்கும் கும்பிடு. மூணு வாரம் ஆச்சு, என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன்.

பழைய_டெர்மினல் அண்ணா சொன்ன மாதிரி ஆப்ட் சர்ச் போட்டதுல 14 டெபியன்லயே இருந்துச்சு, வெக்கமா போச்சு. மிச்சம் 9ல ஆளு பேரு எழுதச் சொன்னதும் மூணுக்கு ஒருத்தனும் கை தூக்கல, தூக்கி எறிஞ்சாச்சு. இப்ப 6 பேக்கேஜும் ஒரு கீரிங்கும். ஆப்ட்லி, விஎம்ல எஸ்பில்ட், கீ தனி மெஷின். சும்மா_ஒரு_டவுட், நீங்க சொன்ன பில்ட் சர்வீஸும் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா கும்பல்ல இதையெல்லாம் கத்துக்கணும்னு தான் பாதிப் பேரு வந்ததே.

கோர்டம்ப், உங்க மூணாவது பாயிண்ட்ல அப்படியே மாட்டினேன். அந்த ஆறுல ஒண்ணு பழைய சி டூல், லாக் ஃபைல் வெட்டறதுக்கு. பில்ட் க்ளீன், லின்டியன் (பேக்கேஜைச் செக் பண்ற டூல்) க்ளீன், பை 4ல ஓட்டினா எந்த ஆப்ஷன் குடுத்தாலும் ஹெல்ப் டெக்ஸ்டைக் காட்டிட்டு வெளிய வந்துடுது. ஒரு மணி நேரம் பையைத் திட்டினோம். அப்புறம் சோர்ஸைத் திறந்தா 41வது வரில கேர்னு இருக்கு, இன்ட்னு மாத்தினோம், ஓடிச்சு. பேட்ச்சை அப்ஸ்ட்ரீமுக்கு (அந்த டூலை எழுதினவங்களுக்கு) அனுப்பிருக்கேன், இன்னும் பதில் வரல, அதுவரைக்கும் எங்க பேக்கேஜ்லயே பேட்ச் இருக்கும். வெர்ஷன்ல டில்டே போட்டிருக்கேன் அண்ணா, ரெண்டு தடவை செக் பண்ணிட்டேன்.