'அழுதுகொண்டிருந்தார்': பிரிப்பதா, கூடாதா?

செந்தாழை:
அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான எளிய வாசிப்பு நூலில் "நீளச் சொல்லையெல்லாம் பிரித்துப் போடு, ஜெர்மனியில் அப்படித்தான்" என்று நேர்கோடு நேற்று எழுதியதைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. அங்கே பிரிப்பது கூட்டுப் பெயர்களை. மருத்துவமனைக்கு அவர்கள் சொல் 'கிராங்கன்ஹவுஸ்'. நடுவில் கோடு போட்டால் 'நோயாளர்', 'வீடு' இரண்டும் பொருளோடு நிற்கும். 'அழுதுகொண்டிருந்தார்' என்பதை 'அழுது கொண்டு இருந்தார்' என்று போட்டால் 'கொண்டு' அங்கே என்ன செய்கிறது? படிப்பவர், அம்மா எதைக் கொண்டுபோனார் என்று தேடுவார்.

நேர்கோடு:
பக்கம் வடிவமைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஏ5 தாள், இடப்பக்கம் படம், எழுத்து 14 புள்ளி. எழுத்துக்கு மிஞ்சுவது 7 செ.மீ. மென்பொருள் உங்கள் சொல்லை 'அழுதுகொண்டிருந்' என்று முறித்து, 'தார்' மட்டும் கீழே விழும். அதற்குப் பிரிப்பதே மேல்.

செந்தாழை:
அது தாளின் குற்றம். ஏ4 எடுங்கள். வரிக்கடைசியில் சொல்லைத் தானாக முறிக்கும் ஹைபனேஷனை அணையுங்கள். இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். இருபக்கமும் இழுத்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். வாக்கியம் ஒரு வரியில் அடங்காவிட்டால், வாய்விட்டுப் படிக்கும்போது மூச்சு நிற்கும் இடத்தில் கையால் உடையுங்கள். சொல்லை வரிக்கடைசியில் உடைக்காதே என்று, அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான ஐரோப்பிய அமைப்பான 'இன்க்ளூஷன் யூரோப்' விதியே இருக்கிறது. பளபளக்கும் தாளும் வேண்டாம் என்கிறது. போன மாதம் எழுத்துரு இழையிலேயே இதைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை.

நன்னூலடியார்:
சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப் என்ற ஒற்றெழுத்துகளை நேர்கோடு நீக்கச் சொன்னதை யாரும் தட்டிக் கேட்கவில்லையா? 'வேலை கொடு' என்றால் பணி. 'வேலைக் கொடு' என்றால் ஆயுதம்.

நேர்கோடு:
பேருந்தில் வேலைக்குப் போகிறவர் கதையில் வேல் எங்கே வருகிறது ஐயா?

படவிரல்:
சொல்லே எதற்கு? லண்டனில் மனநல மருத்துவர் ஷீலா ஹோலின்ஸ் தொடங்கிய 'புக்ஸ் பியாண்ட் வேர்ட்ஸ்' எழுத்தில்லாத படக்கதைகளாகவே போடுகிறது. மரணம், மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாம் படத்தில். கதையைப் படிப்பவரே சொல்வார்.

செந்தாழை:
மறுக்கவில்லை. ஆனால் மாத்திரையை 'நாளைக் காலை சாப்பிட்ட பிறகு' என்பதைப் படத்தில் மட்டும் காட்டுங்கள் பார்ப்போம். பேச்சை மாற்ற வேண்டாம். 'அழுதுகொண்டிருந்தார்' என்ன ஆயிற்று?

நேர்கோடு:
'அழுதார்' என்று போடுங்கள், தீர்ந்தது.

செந்தாழை:
தீரவில்லை. "குமார் கதவைத் திறந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தார்." இதை "குமார் கதவைத் திறந்தார். அம்மா அழுதார்." என்று போட்டால், கதவைத் திறந்ததால்தான் அம்மா அழுதார் என்றாகிவிடும். வரிசையை மாற்றுங்கள்:
அம்மா தனியாக அழுதார்.
அப்போது குமார் கதவைத் திறந்தார்.
நடந்த வரிசையில் வாக்கியம். வெட்டுவது எங்கே வந்தது?

நேர்கோடு:
ஆக, அந்தச் சொல்லை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள்! இதைத்தானே நான் சொன்னேன்.

செந்தாழை:
நீங்கள் சொன்னது வெட்டச் சொல்லி. இதோ 'கைவிட்டீர்கள்'. அதையும் 'கை விட்டீர்கள்' என்று வெட்டுங்கள், பிடித்த கையை விட்டதாகிவிடும்.

நன்னூலடியார்:
அது மரபுத்தொடர். எளிய நூலில் அதுவே வரக்கூடாது.

படவிரல்:
நேர்கோடு முன்பு போட்ட மாதிரிப் பக்கத்தில் 'குமார் வந்தான்' என்றிருந்தது. குமாருக்கு 34 வயது. படத்திலும் கார்ட்டூன் பையன். பெரியவர் நூல் என்று அட்டையில் எழுதினால் ஆயிற்றா?

நேர்கோடு:
கதையில் 'ன்' போடுவது தமிழ் வழக்கம்.

படவிரல்:
அதே பக்கத்தில் மருத்துவருக்கு 'வந்தார்' போட்டீர்களே?

செந்தாழை:
வந்தார்தான் சரி. அச்சுக்கு முன் வாசகர்களிடம் கொடுத்துப் பாருங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். "அம்மா அழுதபோது குமார் எங்கே இருந்தார்?" என்று கேளுங்கள். 'அழுது கொண்டு இருந்தார்' பக்கத்தையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

நேர்கோடு:
கேட்கிறேன். பிரித்த பக்கத்தைத்தான் முதலில் கொடுப்பேன்.

செந்தாழை:
முதலில் எதைக் கொடுத்தாலும் 'கொண்டு' அங்கே தனியாக நிற்கக் கூடாது.