பக்கவாட்டில் டம்பெல் தூக்கினால் கழுத்து இறுகுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். தோள்கள் அகன்று தெரிய வேண்டும் என்பதற்காக, வீட்டிலேயே 10 கிலோ டம்பெல்களைப் பக்கவாட்டில் தூக்கிப் பயிற்சி செய்கிறேன். ஆனால் தோளைவிடக் கழுத்தின் இருபுறமும்தான் இறுகி வலிக்கிறது. எதைத் திருத்த வேண்டும்?

மறுமொழி 1:
முதலில் எடையை 4 கிலோவாகக் குறையுங்கள். தோளுக்கு அகலம் தருவது தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையின் நடுப்பகுதி; எடை மிகும்போது தோள்பட்டை காதை நோக்கி எழும்பி, அந்த வேலையைக் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை பரவிய டிரப்பீசியஸ் தசை பறித்துக்கொள்கிறது. முழங்கையைச் சற்றே மடக்கி, கைகளை நேர்பக்கவாட்டிலிருந்து சுமார் 30 பாகை முன்புறமாக வைத்து, முழங்கையே முதலில் எழும்படி தோள் மட்டம் வரை உயர்த்தி, மூன்று விநாடி எடுத்து மெல்ல இறக்குங்கள். கட்டைவிரல் தரையை நோக்கித் திரும்பவே கூடாது; அப்போது மூட்டுக்குள் தசைநாண் நசுங்க இடமுண்டு.

மறுமொழி 2:
குனிந்த நிலையில் செய்யும் பின்தோள் பயிற்சியையும் சேருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். தோளின் அகலத்தைத் தாங்கும் காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள் வரை செல்வது) வளர்ந்தவர்களுக்கு நீளாது என்பதால், தசையின் பருமனையே நம்ப வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. உடலை ஆட்டாமல் தூக்கினால், 4 கிலோவில் 12 முறையே கடினமாக இருக்கிறது.

மறுமொழி 1:
அதுவே உங்களுக்குரிய எடை. 15 முறை தடுமாறாமல் முடிந்த பின்னரே 5 கிலோவுக்குச் செல்லுங்கள்; கை மரத்தாலோ, இரவில் தோள் குத்தினாலோ மருத்துவரைப் பாருங்கள்.